சொன்னானா, சொல்ல வைத்தீர்களா?

ஓர்ஸ் ஹில்லில் ஒரு மேல்மாடி அறை. சிறிய கதிரை இரண்டு, பெரிய கதிரை நான்கு, கண்ணாடி பதித்த அலுமாரி ஒன்று. மாகிரட் மிஸ் அலுமாரியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். அதில் தூசி இல்லை. பின்னால் விளையாடும் பிள்ளையைக் கண்ணாடிக்குள் பார்க்கிறார். பார்ப்பது தெரிந்தால் பிள்ளை நடிக்கும், பெற்றோர் அதைவிட நடிப்பர் என்பது அவரது எண்ணம்.

வயது ஐம்பத்திரண்டு. பேச்சுப் பிந்திய சிறுவர்களைச் சோதித்துப் பயிற்சி கொடுப்பது தொழில். உருது அறியார். உருது பேசும் வீடுகளிலிருந்து இதுவரை நான்கு பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். அவர்களுக்காகத் தண்ணீர், பால், காலில் போடும் சப்பாத்து என அறுபது பொருள்களின் உருதுப் பெயர்களைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பட்டியலையும் அவர் நம்புவதில்லை. ஒவ்வொரு தாயிடமும் மறுபடி கேட்டுத் திருத்துகிறார்.

ஐம்பது சொல் சொல்லுவான் என்று ஒரு தாய் பெருமைப்பட்டால், "சொன்னவனோ, சொல்ல வைச்சனீங்களோ?" என்பார். கைபேசியில் காணொளி காட்டினால், பேசும்போது பிள்ளையின் உதடு தெரிகிறதா என்று முதலில் பார்ப்பார். ஒரு முறை கேட்ட குரல் பக்கத்து வீட்டுப் பிள்ளையுடையதாம். இரண்டு பாஷை கேட்டுக் குழம்பிவிட்டான் என்போரையும் சந்தேகிப்பார். இரண்டிலும் உள்ள சொற்களைச் சேர்த்து எண்ணிய பின்னரே மறுமொழி. தகப்பன் மொழிபெயர்ப்பதற்கு மட்டும் ஒருபோதும் இடமில்லை. "வாப்பா வாயைத் திறந்தா எந்தப் பிள்ளையும் நல்லாத்தான் கதைக்கும்."

அதனாலேயே, என்னைக் காக்கா என்று அழைக்கும் தம்பி முறையான றிஸ்கான், உருது அறிந்த என்னைக் கூட்டிச் சென்றான். கராச்சியில் மணமுடித்தவன், மனைவி ஸல்ஹாவோடும் மகனோடும் ஊர் திரும்பி மூன்று மாதம். வீட்டில் உருதுதான் பேச்சு.

மிஸ் சொல்லக் கேட்டு நான் சொல்ல, ஸல்ஹா மகனிடம் சப்பாத்தைக் கேட்டார், எடுத்து வந்தான். கரண்டியைக் கதிரைக்கு அடியில் வைக்கச் சொன்னார், வைத்தான். பின்னர் மிஸ் தண்ணீர்ப் போத்தலின் மூடியை நன்றாக இறுக்கி அவனிடம் கொடுத்துவிட்டுப் பேசாமல் காத்திருந்தார். பிள்ளை முயன்று பார்த்து, போத்தலைத் தாயின் மடியில் வைத்து அவரது விரலைப் பிடித்து மூடியில் அழுத்தினான். வாய் திறக்கவில்லை. ஒரு மணி நேரத்தில் தானாகச் சொன்னவை பதினோரு சொற்கள். இரண்டைச் சேர்த்து ஒன்றும் சொல்லவில்லை.

"சொல்லுறது எல்லாம் விளங்குது. வாய்க்குத்தான் வருகுதில்லை. வயசு?"

"ரெண்டு வயசு நாலு மாசம், மிஸ்." றிஸ்கான் முந்திக்கொண்டான். தடுப்பூசி அட்டை கொழும்பில் ஒரு பெட்டிக்குள் கிடப்பதாகவும் சொன்னான்.

பிள்ளையின் பிறந்த திகதியைக் குடும்பப் பதிவுக் கொப்பியில் எழுதியவன் நான். றிஸ்கான் சரியாக ஓர் ஆண்டைக் குறைத்தது தெரிந்தும் பேசாதிருந்தேன். பேச்சுப் பிந்தியவன் என்று பைலில் ஏறினால் அது பள்ளிக்கூடம் வரை பின்தொடரும் என்று வழியெல்லாம் அஞ்சிக்கொண்டு வந்தவன் அவன்.

மிஸ் பிள்ளைக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தார். அவன் வாயைத் திறந்தபோது குனிந்து உள்ளே பார்த்தார்.

"இருபது பல்லும் முளைச்சிட்டுது. வயசு நிண்டு போச்சு, பல்லு மட்டும் வளர்ந்திருக்கு என்ன?"

றிஸ்கான் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை. இரண்டரைக்குள் என்றால் வீட்டில் பழக்கி ஆறு மாதம் பார்க்கலாம், மூன்று கடந்திருந்தால் இந்தக் கிழமையே பயிற்சி தொடங்க வேண்டும், பிழையான வயதுக்குப் பிழையான மருந்துதான் கிடைக்கும் என்று நிதானமாகச் சொன்னார். பிறகு தன் கதிரையை இழுத்துப்போய், முழங்காலோடு முழங்கால் முட்ட ஸல்ஹாவுக்கு எதிரே இருந்தார்.

"இவவிட்டைக் கேளுங்கோ. சொல்லுறதை அப்பிடியே சொல்லுங்கோ."

கேட்டேன். ஸல்ஹா கணவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. தாழ்ந்த குரலில் பதில் சொன்னார்.

"காக்கா," என்றான் றிஸ்கான்.

நான் மொழிபெயர்த்தேன். மூன்று வயது, நான்கு மாதம்.