எலிசபெத் வெயிலில் காயவைத்த சிடிகள்

மாரெட்பள்ளியில் எலிசபெத்தின் கடைக்கு இன்றைக்கும் சிடி கேட்டு வருகிறவர்கள் வழக்கு நடத்துகிறவர்கள்தான். ஒரு காலத்தில் சிகந்தராபாத் தமிழர்களின் கல்யாண வீடியோக்களையெல்லாம் வெட்டி ஒட்டிப் பாட்டுச் சேர்த்துக் கொடுத்தவர் அவர். ரயில்வே ஒர்க்‌ஷாப் ஃபிட்டரின் மகள். பெண்ணுக்கு எதற்கு கேமரா என்று ஊர் கேட்டபோது அதைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தவர். இப்போது மணமக்கள் போனுக்கே அனுப்பிவிடச் சொல்கிறார்கள். அரசாங்க அலுவலகம் மட்டும் சிடியை விடவில்லை.

ஒரு மத்தியானம் வசந்தி அழுதுகொண்டே கடைக்குள் வந்தாள்.

அவள் கணவன் பூபாலன் மல்லாபூர்த் தொழிற்சாலை ஒன்றில் தகடு அழுத்தும் பிரஸ் மிஷின் ஓட்டியவன். மிஷினின் இரும்புத் தடுப்பு இல்லாவிட்டால் வேலை வேகமாக நடக்கும் என்று கழற்றச் சொன்னது நிர்வாகம். அவன் வலது கையில் மூன்று விரல் போன பிறகு, தடுப்பைக் கழற்றியது அவனேதான் என்று எழுதிக்கொடுத்ததும் அதே நிர்வாகம். விரல் போனவன்தான் சாட்சியும் கொண்டுவர வேண்டுமாம். என்ன நியாயம் இது! நல்லவேளை, கூட வேலை செய்த ரஞ்சன் விபத்துக்கு முன்பே போனில் எடுத்த வீடியோ ஒன்று இருந்தது. “கழட்டுடா, ஆர்டர் நிக்குது” என்று சூப்பர்வைசர் கத்துவது அதில் தெளிவாகக் கேட்கும். எலிசபெத்தான் அதைச் சிடியில் ஏற்றித் தந்திருந்தார். நஷ்டஈட்டு வழக்கில் கம்பெனி வக்கீல் வாய்தாமேல் வாய்தா வாங்கி மாதங்களைத் தின்றார். கடைசியில் அன்று காலை, வழக்கை விசாரிக்கும் தொழிலாளர் துறை அதிகாரி சிடியைப் போட்டபோது அது திறக்கவே இல்லை.

“வக்கீல் சிரிக்கிறாருக்கா. வெறும் தட்டைக் கொண்டாந்து காட்டுறாங்கன்னு. அடுத்த வாய்தாதான் கடைசியாம். எல்லாம் என்னாலதான்.”

“நீ என்ன பண்ண?”

“பொட்டு வச்சேன்.”

ஒவ்வொரு வாய்தாவுக்கும் முன்னால் சிடியைச் சாமி படத்தின் முன் வைத்து, பளபளக்கும் பக்கம்தான் அதன் முகம் என்று அதில் சந்தனமும் குங்குமமும் வைத்திருக்கிறாள். கிளம்பும்போது முந்தானையால் துடைத்திருக்கிறாள். பூபாலன் தெருவே கேட்கத் திட்டியிருந்தான்: “சாட்சிக்குப் பொட்டு வச்சுக் கருமாதி பண்ணிட்டியேடி!”

எலிசபெத் சிடியைச் சாய்த்துப் பார்த்தார். மஞ்சள் தடம், நடுவே கீறல்கள். பொட்டுதான் காரணம் என்று சொல்லியிருந்தால் யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். பகுத்தறிவு பேசுகிற பலரும் அதோடு நின்றிருப்பார்கள். சோதித்துப் பார்க்காமல் சொல்வதும் மூடநம்பிக்கைதான்.

சிடியில் எதை எழுதினாலும் கடைக்கு ஒரு நகல் வைத்துக்கொள்வது எலிசபெத்தின் பழக்கம். பொட்டும் முந்தானையும் படாத அந்த நகலை எடுத்துப் போட்டார். அது சுழன்றது, முனகியது, பாதியில் நின்றுவிட்டது.

“பாரு, பொட்டு வைக்காததும் செத்துப்போச்சு. இனிமே துடைக்காத, கீறல் விழும். ஆனா கொன்னது நீ இல்ல. பேர் இல்லாத லூஸ் சிடி, மலிவா வருதுன்னு நான் வாங்கினது. எழுதின அன்னைக்கு ஓடுச்சு, நம்பிட்டேன்.”

வசந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “இத அவர்கிட்ட சொல்லுவீங்களா?”

“போன் போடு. இப்பவே சொல்றேன்.”

வீடியோ கம்ப்யூட்டரில் பத்திரமாக இருந்தது. அதைத் தாங்கும் சிடிதான் வேண்டும். மொத்த விலைக் கடைக்குப் போனார்; கடைக்காரர் விலை உயர்ந்த சிடிப் பெட்டியை நீட்டினார்.

“நக்கோ பாய், வேணாம். மூணு கம்பெனியிலயும் ஒண்ணொண்ணு குடுங்க. எது சீக்கிரம் கெட்டுப்போகாதுன்னு வெயில் சொல்லட்டும்.”

மூன்றிலும் வீடியோவை மெதுவான வேகத்தில் எழுதினார். எழுதியதைக் கம்ப்யூட்டரே திரும்பப் படித்துச் சரிபார்க்கவும் வைத்தார். பிறகு ஒவ்வொன்றிலும் பாதியை அட்டையால் மூடி, பளபளக்கும் பக்கம் மேலாக, மே மாத வெயிலில் மொட்டைமாடியில் பரப்பினார். பக்கத்து வீட்டு பிந்து எட்டிப் பார்த்தாள்.

“அப்பளமா ஆன்ட்டி?”

“ஹவ், ஆமா. கோர்ட்டு அப்பளம்.”

வாய்தா நெருங்கியபோது அட்டையை எடுத்தார். விலை உயர்ந்த சிடியில் வெயில் பட்ட பாதி வெளுத்திருந்தது. இன்னொன்று திக்கித் திக்கி ஓடியது. நடுத்தர விலையில் வாங்கியதுதான் நிறம் மாறாமல் இருந்தது. கடையிலும், தெருமுனை ஸ்கேன் சென்டரின் பழைய கம்ப்யூட்டரிலும் தயங்காமல் ஓடியது. அதே வகையில் புதிய சிடிகள் வாங்கி எழுதி, கெட்டி உறையில் போட்டு வசந்தியிடம் கொடுத்தார்.

“அக்கா, பொட்டு…”

“உறைக்கு வை, எவ்வளவு வேணா வை. சிடிக்கு நக்கோ.”

அன்று அதிகாரியின் அறையில் வசந்தி சிடியை விளிம்பில் பிடித்து எடுத்துத் தந்தாள். உறையில் பெரிய குங்குமப் பொட்டு. வக்கீல் அதைப் பார்த்துச் சிரித்தார். அடுத்த நிமிடம் “கழட்டுடா, ஆர்டர் நிக்குது” என்ற குரல் அறையை நிறைத்தது. வக்கீல் இன்னொரு வாய்தா கேட்டார். கிடைக்கவில்லை. பூபாலன் பக்கம் சாட்சி பதிவானது; தொழிற்சாலையை ஆய்வு செய்ய உத்தரவும் போனது.

இரண்டு நாளில் ரஞ்சன் பூபாலனுக்குப் போன் செய்தான். ஆய்வாளர் வருமுன்பே எல்லா மிஷினுக்கும் தடுப்பு வந்துவிட்டதாம். மாட்ட ஒரு ஷிஃப்ட் கூட ஆகவில்லையாம். ஒரு ஷிஃப்டில் மாட்டக்கூடியதைக் கழற்றச் சொல்லித்தான் ஒருவனின் மூன்று விரலை எடுத்தார்கள்.

பூபாலன் அதைச் சொல்லித் திட்டவில்லை. ஒன்றுதான் கேட்டான்: “நல்லா மாட்டியிருக்கானுங்களாடா?”

“ஹவ் அண்ணே. கையே உள்ள போகாது.”