கடைசியாக ஊற்றிய துண்டு

பன்னை வாங்கியதும் கடிக்க மாட்டார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து மெல்ல அமுக்குவார். விட்டதும் எழுந்து வருகிறதா என்று பார்ப்பார். எழுந்தால்தான் டீயில் நனைப்பார். பேருந்து இருக்கை, தலையணை, பக்கத்து வீட்டுக் குழந்தையின் கன்னம், எதுவும் அவரிடம் தப்பாது. "யோவ், திங்க வந்தியா, நாடி பாக்க வந்தியா?" என்று கடைக்காரர் கேட்காத நாள் குறைவு. வேலை செய்யும் இடத்தில் அவருக்கு அமுக்கண்ணன் என்றே பெயர்.

வேலை அப்படி. எலும்பு நொறுங்கி ஒரு துண்டு இல்லாமலே போனவர்களுக்கு, அந்த இடைவெளியில் வைக்க ஒரு பஞ்சு செய்கிறார்கள் அந்த ஆய்வுக்கூடத்தில். அவர் அதைச் சாரம் என்பார். சுவர் எழுப்பக் கொத்தனார் சாரத்தில் ஏறி நிற்பதில்லையா, அதுபோல உடம்பின் உயிரணுக்கள் இந்தப் பஞ்சின் துளைகளில் ஏறி உட்கார்ந்து புது எலும்பு கட்டும். கட்டி முடிக்க முடிக்கச் சாரம் தானே கரைந்துவிடும். எலும்பில் உள்ள அதே சுண்ணச்சத்தைக் கண்ணுக்கே தெரியாத நானோத் துகளாக்கி, கூழில் கலந்து, அவரவர் எலும்புக்கு ஏற்ற அச்சில் ஊற்றி, உறையவைத்து உலர்த்த வேண்டும். துகள் சரியாகக் கலையாமல் கட்டி தட்டினால் போச்சு. பார்க்க லட்சணமாக இருக்கும். பாரம் ஏறும் நாளில் பொலபொலவென்று உதிரும். அதற்காகவே கூழை ஒலியால் அதிரும் தொட்டியில் வைத்துக் கலைப்பார்கள்.

ஒரே கூழில் பிறந்த துண்டுகளை அங்கே உடன்பிறப்புகள் என்பார்கள். முதலில் ஊற்றியதை நசுக்கிப் பார்ப்பார்கள். அது தாங்கினால் மற்றவை மருத்துவமனைக்குப் போகும்.

இந்த முறை அந்த உடன்பிறப்புகளில் ஒன்று அவர் மச்சானுக்கு. மனைவியின் கடைசித் தம்பி. கல்யாணத்தன்று அக்காவை அனுப்ப மாட்டேன் என்று இவர் சட்டையைப் பிடித்து இழுத்து அழுதவன். லாரி ஓட்டினான். விபத்தில் முழங்காலுக்குக் கீழே ஒரு விரல் நீளம் எலும்பு போய், காலைச் சுற்றி இரும்பு வளையங்களோடு அக்கா வீட்டுக் கட்டிலில் கிடக்கிறான். வாய் மட்டும் படுக்கவில்லை.

"உங்க கையால செஞ்சதா மாமா? அப்ப என் கால் தெருமுனை வரைக்கும் போயிட்டு, அடுப்ப அணைச்சோமான்னு திரும்பி வந்து பாக்குமே!"

கூழ் அதிர்ந்துகொண்டிருந்தபோது மனைவி அழைத்தாள். "ஏங்க, தம்பிக்கு ஆபரேஷன் நாள் குறிச்சுட்டாங்க!" அழுகையும் சிரிப்புமாக அவள் பேசியது காதில் விழவில்லை என்று, இரைந்த தொட்டியை நிறுத்தினார். மறுபடி ஓடவிட்டாரா? அந்த இடத்தில்தான் நினைவு வழுக்குகிறது.

முதல் துண்டு தாங்கிவிட்டது. மற்றவை கிருமி நீக்கி உறையிலிட்டு ஒட்டியாயிற்று. ஆனாலும் சந்தேகம் அவரை விடவில்லை. கலையாத துகள் அடியில் தங்கியிருந்தால்? அடிக்கூழ் கடைசி அச்சுக்குத்தானே போகும்? கடைசி அச்சு மச்சானுடையது. சொந்தக்காரனுக்கு முந்தி ஊற்றினான் என்று யாரும் வாய் திறக்கக் கூடாதென்று அவரே அப்படி வைத்திருந்தார்.

ஆபரேஷனுக்கு முதல் நாள், ஆய்வுக்கூடத் தலைவியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார்.

"மொத துண்டு தாங்கிடுச்சே. விதிப்படி அது போதும்."

"விதிக்குப் போதும் மேடம். எனக்குத்தான் பத்தல."

"கடைசித் துண்டப் பிரிச்சா நாளைக்கு உங்க மச்சானுக்கு வைக்க ஒண்ணுமில்ல. மறுபடி செஞ்சு, சோதிச்சு, தேதி வாங்க மாசக்கணக்காகும். வேற ஒண்ணப் பிரிச்சுப் பாக்கலாமே?"

"நடுவுல உள்ளதப் பாத்து என்ன மேடம் ஆகப்போகுது? கடைசியும் நல்லாருந்தாத்தான் அத்தன பேருக்கும் நிம்மதி."

"மச்சான்கிட்டக் கேட்டீங்களா?"

"கேட்டா சிரிச்சுக்கிட்டே 'வைங்க மாமா'ம்பான். அதான் கேக்கல."

உறையை அவரே கிழித்தார். அழுத்தும் பொறியில் அவரே வைத்தார். துண்டு முதல் உடன்பிறப்பைப் போலவே தாங்கிற்று. அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். சலித்த மாவு மாதிரி, ஒரு கட்டி இல்லை. நல்ல துண்டு. மற்றவர்களுக்கான பெட்டி அன்று மாலையே மருத்துவமனைக்குக் கிளம்பியது.

வீட்டில் மச்சான் முகம் மழித்து, முடி வெட்டிக்கொண்டு மாப்பிள்ளை போல உட்கார்ந்திருந்தான். வாசற்படியில் நின்றபடியே சொல்லி முடித்தார்.

"நல்லாயிருந்ததையா உடைச்சீங்க?" என்றாள் மனைவி. "உங்க சந்தேகத்துக்கு என் தம்பி காலுதான் கெடச்சுதா?" உள்ளே போனாள். அதன் பிறகு பாத்திரங்கள்தான் பேசின.

மச்சான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். ஏதாவது கிண்டல் செய்வான் என்று காத்திருந்தார். செய்யவில்லை.

வளையத்துக் கம்பிகள் தோலுக்குள் இறங்கும் இடங்களைத் தினமும் மாலையில் மருந்து தொட்டுத் துடைக்க வேண்டும். எத்தனை வலித்தாலும் குனிந்து அவனேதான் துடைப்பான். "உங்களப் போய் என் காலத் தொட விடுவேனா மாமா?" என்று பஞ்சைப் பிடுங்கிக்கொள்வான். இன்றும் அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மருந்துப் பஞ்சை நீட்டினார். அவன் வாங்கவில்லை. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

வெகுநேரம் கழித்து அவன் திரும்பினான். வளையங்களை இரண்டு கைகளாலும் பிடித்து, காலைத் தூக்கி, அவர் மடிமேல் வைத்தான்.