அம்மா பதிவாகாத அரை மணி நேரம்

துபாயில் வேலை செய்த மச்சான் லீவில் வந்தபோது ஒரு டிஜிட்டல் ரெக்கோடரைக் கொண்டுவந்தார். இலங்கை மலைநாட்டில், கொட்டகலைக்கு மேலே, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் அப்படியொரு சாமான் நுழைந்தது அதுதான் முதல் தடவை. நாம் வீட்டில் இல்லாதபோது அது நமக்காக டீவி பார்த்து வைத்திருக்குமாம். ஆனால் ஆயிரம் நிபந்தனை. ஒரு நேரத்தில் ஒரு சேனல்தான். வயிறு நிறைந்துவிட்டால் பழையதை அழிக்காமல் புதியதைத் தொடாது. கரண்ட் போனால் மணியை மறந்துவிடும். எங்கள் தோட்டத்தில் நாலு துளி மழைக்கே கரண்ட் போய்விடும் என்பதை அதைச் செய்தவர்களுக்கு யார் சொல்வது?

திரும்ப மணி வைப்பது என் உத்தியோகம். டவுன் பள்ளிக்கூடத்து வாத்தியார் அல்லவா, ரிமோட்டை வேறு யாரையும் தொடவிட மாட்டேன். அப்போது நம் நாட்டு மணி இந்திய மணியைவிட அரை மணி நேரம் முந்தியிருந்தது. வீட்டில் பார்த்த நாடகங்களெல்லாம் டிஷ் வழியாக இந்தியாவிலிருந்து வந்தன. அதனால் ரெக்கோடருக்கு இந்திய மணியையே வைத்திருந்தேன். பெரிய மூளை!

ஒருநாள் கொழும்பிலிருந்து டீவிக்காரர்கள் வந்து, கொழுந்து நிறுக்கும் இடத்தில் அம்மாவிடம் மைக்கை நீட்டினார்கள். முப்பது வருடம் கொழுந்து எடுத்தவரிடம் அதுவரை யாரும் எதையும் கேட்டதில்லை. விடுவாரா? தோட்டத்தை நடத்தும் துரை பக்கத்தில் நிற்கும்போதே, கூரைத் தகரம் ஓட்டையாகி அடுப்பு நனைவதையும், மாற்றித் தருகிறோம் என்று வருடாவருடம் ஏமாற்றுவதையும் கொட்டித் தீர்த்துவிட்டார்.

நிகழ்ச்சி வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு. அம்மா மலையில் இருப்பார், நான் வகுப்பில்.

"நீ புடிச்சு வையிப்பா. நாடே கேட்டுச்சுன்னா தகரம் தந்துதானே ஆகணும்?" என்றார்.

உள்ளூர் சேனலைப் போட்டு, பத்து மணி என்று குறித்துவிட்டுப் போனேன். அன்று பின்னேரம் லயத்தில் எங்கள் ஒற்றை அறையான காம்பராவில் பக்கத்து வீட்டாரும் வந்து உட்கார்ந்தார்கள். ரெக்கோடர் சொன்ன சொல் தவறாமல் இந்திய மணி பத்துக்கு, அதாவது நம் பத்தரைக்கு, விழித்திருந்தது. அம்மாவின் நிகழ்ச்சி அதற்குள் முடிந்து, திரையில் யாரோ மீன் கட்லட் பொரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு தேயிலை விளம்பரம். நகப்பூச்சு பூசிய நடிகை இரண்டு விரலால் ஒரே ஒரு கொழுந்தைக் கிள்ளிவிட்டுச் சிரித்தாள்.

"இந்த லட்சணத்துல எடுத்தா அரைநாள் பேருதான் போடுவாங்க, பாதிச் சம்பளந்தான்," என்றார் அம்மா. எல்லாரும் சிரித்தார்கள். "சரி, நான் எங்கப்பா?"

"மெசின் கோளாறும்மா," என்றேன்.

கால் முறிந்து வீட்டிலிருந்த பக்கத்து காம்பரா அத்தை நிகழ்ச்சியைப் பார்த்திருக்கிறார். மறுநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஒங்கம்மா கொழுந்து எடுக்கிறத மட்டுந்தான் காட்டுனாங்க தம்பி. பேச்சு ஒன்னும் வரல, புல்லாங்குழல் போட்டுட்டாங்க. தொரைதான் பேசுனாரு, லயமெல்லாம் நல்லா இருக்குன்னு."

எனக்கு வெட்கமும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஆனால் அதை அம்மாவிடம் சொல்லவில்லை. மணி வைத்ததில் என் பிழையையும் சொல்லவில்லை. இரண்டு பழியையும் வாயில்லாத பெட்டியின் மேல் போட்டு, அம்மா முன்னால் அதைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

"விடுப்பா. பொட்டி புடிக்கலேன்னா என்ன, நாடு கேட்டுருச்சுல்ல," என்று அம்மாதான் என்னைத் தேற்றினார். மழைக்கு முன்னால் தகரம் வந்துவிடும் என்று லயம் முழுக்கச் சொல்லியும் வைத்தார்.