அக்காவின் காத்துப் பேனா

சாயம் கரைக்கிற தின்னர் வாடை எங்கே அடித்தாலும், பொன்னமராவதியில் அப்பா வைத்திருந்த பஞ்சர் கடையும், அதன் பின்கட்டில் இருந்த எங்கள் வீடும், ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகலும் மொத்தமாக என் கண்முன் வந்துவிடும். மூடப்போகிற ஒரு போட்டோ ஸ்டுடியோவிலிருந்து அக்கா பழைய ஏர்பிரஷ் ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். பேனா மாதிரிதான் இருக்கும், மேலே சாயம் ஊற்ற ஒரு சின்னக் கிண்ணம். காற்றோடு சேர்ந்து சாயம் புகையாகப் பறப்பதால் எங்கள் வீட்டில் அது "காத்துப் பேனா" ஆகிவிட்டது.

அது வேலை செய்தால் புதுக்கோட்டை ஜவுளிக்கடைக்குச் சேலையில் படம் போட்டுக் கொடுக்கும் வேலை அக்காவுக்கு, செய்யாவிட்டால் கல்யாணம். "சாயங்காலத்துக்குள்ள ஓட்டிக் காட்டு. ஓடலேன்னா திருப்பிக் குடுத்துட்டு வா, மாப்பிள்ளை வீட்டுக்குத் தாக்கல் சொல்லிருவோம்" என்று அப்பா கறாராகச் சொல்லிவிட்டார்.

அப்பாவுக்குத் தெரிந்த பரிசோதனை உலகத்திலேயே ஒன்றுதான். கம்ப்ரசர் குழாயை மாட்டி, டியூப் பார்க்கும் தண்ணீர்த் தொட்டியில் பேனாவை முக்கி, எங்கே குமிழி வருகிறது என்று பார்த்தார். "காத்து பொய் சொல்லும், தண்ணி சொல்லாது" என்பார். குமிழி முனையில் மட்டுமே வந்தது, வேறெங்கும் ஒழுக்கில்லை. பிறகு அக்கா ஒவ்வொரு மரையாகக் கழற்றித் தின்னரில் ஊறப்போட்டு, இறுகிப்போன கறுப்புச் சாயத்தைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தெடுத்து, உள்ளிருந்த நீண்ட ஊசியை உருவிக் கண்ணாடி மேல் உருட்டிப் பார்த்தாள். அது துள்ளியது. நுனி வளைந்திருந்தது.

"அய்யய்யோ, ஊசி போச்சு!" என்று கத்தினேன்.

அடுக்களையிலிருந்து அம்மா, "காலையில வச்ச கொழம்பு, அதுக்குள்ளயா ஊசிப்போச்சு?" என்று கேட்டுக்கொண்டே, மோந்துகூடப் பார்க்காமல் சட்டியோடு கொண்டுபோய் வேலியோரம் கவிழ்த்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பு! தெரு நாய்களுக்கு அன்றுதான் தீபாவளி. கண் கலங்கி உட்கார்ந்திருந்த அக்காகூடச் சிரித்துவிட்டாள்.

சிரித்த கையோடு, அப்பாவின் கடையிலிருந்த நைசான உப்புத்தாளை நனைத்து, ஊசி நுனியை அதில் மெல்ல உருட்டி உருட்டி நிமிர்த்தினாள். கிண்ணத்தில் நீலம் விட்டு விசையை அழுத்தியதும் முதலில் துப்பியது, பிறகு செய்தித்தாள் மேல் மழைக்கு முந்திய வானம் போலப் பரவியது. அப்பா குனிந்து பார்த்து, "நல்லாத்தான் ஊதுது. வேலையப் பாரு" என்றார். மோர்ச் சோறும் ஊறுகாயும் அன்று போல எனக்கு என்றைக்கும் ருசித்ததில்லை.

சில வருடம் அக்கா சேலைகளில் மயிலாகப் பறக்கவிட்டாள். "ஆயிரங்காலத்துப் பயிருடி" என்று அம்மா சொல்லிச் சொல்லியே கல்யாணமும் நடந்தது. வாக்கப்பட்டுப் போன வீட்டில் சாய வாடை ஆகாது என்றார்கள். இன்று அப்பா இல்லை. கடை இருந்த இடத்தில் அகலச் சாலை ஓடுகிறது. மயில்களைக் கம்ப்யூட்டரே கட்டுக்கட்டாக அச்சடித்துத் தள்ளுகிறது.

போன மாதம் அக்காவோடு என் வீட்டுக்கு வந்திருந்த அவள் மகள் என் பீரோவிலிருந்து ஒரு மயில் சேலையை எடுத்து, "சித்தி, இது ஏது? இவ்வளவு அழகா இருக்கு" என்றாள்.

"கடையில எடுத்ததுடி" என்றாள் அக்கா.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "பொய்! உங்கம்மா கையால போட்டதுடி அது!" என்று கத்திவிட்டேன்.

அந்தப் பெண் நம்பாமல் தாயைப் பார்த்தாள். அக்கா சேலையை வாங்கி மடித்துக்கொண்டே, "நெசந்தான்" என்றாள்.