பச்சை மை டிக்

இன்று காலை ஏழு மணிக்கு எனக்கு ஒரு பிறந்தநாள் வாழ்த்து வந்தது. அனுப்பியது ஒரு நகைக்கடை. எப்போதோ அங்கே ஒரு ஜோடி கம்மல் வாங்கியபோது பிறந்த தேதி கேட்டார்கள், எழுதிக் கொடுத்தேன். அன்றிலிருந்து வருடம் தவறாமல் வாழ்த்துகிறார்கள். ஆங்கிலத்தில் நான்கு வரி, மேலே ஒரு கேக், கீழே ஒரு அட்டிகை. மற்றபடி இன்றைக்கு யாரும் கூப்பிடவில்லை. குறையாகச் சொல்லவில்லை, நிலவரத்தைச் சொல்கிறேன்.

படித்ததும் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். எனக்கு எரிச்சல்தான் வந்தது. இரண்டாவது வரி ‘டே’ என்று முடிகிறது. நான்காவது வரியும் அதே ‘டே’. ஒரு சொல்லை அதனோடேயே சேர்த்துவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்து போயிருக்கிறார் அந்தப் புண்ணியவான். வே, ஸ்டே, ப்ளே, ப்ரே என்று எத்தனை சொற்கள் வரிசையில் நிற்கின்றன! காப்பி டம்ளரோடு ஸ்ரீரங்கத்தில் ஒரு மூன்றாம் மாடி பால்கனியில் நின்றுகொண்டு, பிறந்தநாளும் அதுவுமாக, முன்பின் தெரியாத ஒருவரின் கடைசிச் சொல்லைத் திருத்திக்கொண்டிருந்தேன். உங்களிடம் சொல்லியிருக்கிறேனோ என்னவோ, ஒரு காலத்தில் அதுதான் எனக்குத் தொழில்.

போனில் வரும் வாழ்த்துக்கு வாசனை கிடையாது. எங்கள் வாழ்த்துக்கு உண்டு. அச்சு மை, மண்ணெண்ணெய், ஜிகினா ஒட்டும் பசை மூன்றும் கலந்த வாசனை அது. தென்னூரில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் மெஷின் ஓடும், மாடியில் நாங்கள் இருவர் உட்கார்ந்து வாழ்த்து அட்டைகளுக்கு ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதுவோம். பி.ஏ. இங்கிலீஷ் படித்த பெண்ணுக்கு டீச்சர் வேலை கிடைக்காவிட்டால் இப்படியும் ஒரு வேலை இருந்தது என்று இப்போது சொன்னால் நம்புவதற்கு ஆளில்லை.

மற்றவள் மெஹருன்னிஸா. மெஹர். பெரிய கடைவீதியை ஒட்டிய ஒரு சந்தில் வீடு. என்னைவிட ஒரு வயது சின்னவள், என்னைவிட நன்றாக எழுதுவாள், என்னைவிடச் சத்தமாகச் சிரிப்பாள். தினமும் காலையில் அவளுடைய அப்பா, அவள் வாயில் அத்தா, சைக்கிளில் கொண்டுவந்து விடுவார். சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து கீழே நின்று இரண்டு தடவை பெல் அடிப்பார்.

முதலாளிக்கு ஒரே ஒரு கொள்கை. “ரெண்டாவது லைனும் நாலாவது லைனும் சேரணும். சேரலைன்னா அட்டையே இல்லை. அர்த்தமெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.” தமிழில் இது ஒரு வேலையே இல்லை. வந்தேன், தின்றேன், தூங்கினேன் என்று எழுதினாலே எல்லாம் தானாகச் சேர்ந்துகொள்ளும். ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் துணை தேடி அலைய வேண்டும். அதற்காக ஒரு நீளமான நோட்டு வைத்திருந்தோம். அகராதியில் சொற்கள் முதல் எழுத்துப்படி இருக்கும் அல்லவா, எங்கள் நோட்டில் கடைசி ஓசைப்படி இருக்கும். நைட், லைட், பிரைட், கைட் எல்லாம் ஒரு பக்கத்தில் குடியிருக்கும். ஹார்ட், பார்ட், ஸ்டார்ட் இன்னொரு பக்கம். நான் நீல மையில் எழுதுவேன், அவள் பச்சை மையில்.

எனக்கு அந்த நோட்டுக்குச் சொல் கிடைப்பதெல்லாம் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில்தான். காவேரிப் பாலத்தில் பஸ் நின்று நின்று போகும்போது வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே வருவேன். பக்கத்தில் இருப்பவர்கள் ஏதோ ஸ்தோத்திரம் சொல்கிறேன் என்று மரியாதையாக நகர்ந்து உட்காருவார்கள். நான் கிஸ், மிஸ், ப்ளிஸ் என்று சொல்லிக்கொண்டிருப்பேன்.

மெஹருக்குக் கடைப் பலகைகள். ஒருமுறை காதலர் அட்டைக்கு ‘டிசையர்’ என்ற சொல்லுக்கு ஜோடி கிடைக்காமல் இரண்டு நாள் திண்டாடினோம். மூன்றாம் நாள் மூச்சிரைக்க மாடி ஏறி வந்தாள்.

“கெடைச்சிருச்சுடி! வர்ற வழில போர்டு பாத்தேன். டயர்!”

“லவ் கார்டுல டயரா?”

“அடுத்த கடை ஒயர். எது வேணுமோ எடுத்துக்க.”

கடைசியில் ‘ஃபயர்’ என்று முடித்தோம். ஆனாலும் அந்த அட்டை எங்கள் இருவருக்கும் கடைசிவரை டயர் அட்டைதான்.

ஒருத்தி எழுதியதை இன்னொருத்தி சரிபார்த்து நான்காம் வரிக்குக் கீழே டிக் போட வேண்டும். டிக் இல்லாமல் எதுவும் கீழே மெஷினுக்குப் போகாது. என் வரிகளுக்குப் பச்சை டிக், அவள் வரிகளுக்கு நீல டிக். நான் தாராளமாகப் போடுவேன். அவள் லேசில் போடமாட்டாள். வாய்விட்டுப் படிப்பாள், முகத்தைச் சுளிப்பாள், “இன்னொரு தரம் எழுதிப் பாரேன்” என்பாள். அவளுடைய டிக் கிடைத்த நாளில் எனக்குக் கால் தரையில் பாவாது. அத்தாவுக்கு ஆங்கிலம் தெரியாது, ஆனால் டிக் தெரியும். சாயங்காலம் கீழே இறங்கி வந்தால் என்னைப் பார்த்து, “இன்னிக்கு எத்தனை டிக்குமா?” என்று கேட்பார். நான் விரலைக் காட்டுவேன். மூன்றுக்கு மேல் போனால், “மாஷா அல்லாஹ்” என்பார். அதற்குப் பிறகு என் வாழ்நாளில் வேறு எந்த அலுவலகத்திலும் என் வேலையைப் பற்றி ஒருவர் அவ்வளவு அக்கறையாக விசாரித்ததில்லை.

ஒரு மழை மாதத்தில் முதலாளி துக்க அட்டைகள் கேட்டார். எட்டு. இருவருமே அதுவரை நெருங்கிய சாவு எதையும் பார்த்ததில்லை. ஆறாம் நம்பர் அட்டைக்கு வெள்ளை லில்லி, சாம்பல் கரை. ‘டியர்’ என்று இரண்டாம் வரி, ‘நியர்’ என்று நான்காம் வரி. நீங்கள் நேசித்தவர் எங்கும் போய்விடவில்லை, எப்போதும் உங்கள் பக்கத்தில்தான் இருக்கிறார் என்பது பொருள். நான்தான் எழுதினேன். மெஹர் சத்தமாகப் படித்துப் பார்த்தாள்.

“ஏன்டி, போனவங்க பக்கத்துலயே நின்னா வீட்ல இருக்கறவங்க எப்படித் தூங்குவாங்க?”

சிரிக்க ஆரம்பித்தோம். நிறுத்த முடியவில்லை. டீயைத் தட்டிவிட்டதில் நோட்டில் இரண்டு பக்கம் நனைந்தது. கீழே மெஷின் ஓட்டும் சுல்தான் பாய் அதை நிறுத்திவிட்டு மாடிப்படியில் எட்டிப் பார்த்து, “என்னம்மா, துக்க கார்டா எழுதறீங்க?” என்று கேட்டார். அது இன்னும் மோசமாகிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டே மெஹர் பச்சை மையில் டிக் போட்டாள்.

அடுத்த வருடம் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு ஷார்ஜாவில் வேலை. நோட்டை என்னிடமே விட்டுவிட்டுப் போனாள். முதல் இரண்டு வருடம் கடிதம் வந்துகொண்டிருந்தது. மூன்றாவது வருடம் ஒரு கடிதத்தில் இப்படி எழுதியிருந்தாள். ‘அத்தாவுக்கு உடம்பு சரியில்லையாம். போனில் கேட்டால் நல்லாத்தான் இருக்கேன் என்கிறார். அண்ணன் எதையும் விவரமாகச் சொல்ல மாட்டேன் என்கிறான். நீ ஒரு தரம் போய்ப் பார்த்துவிட்டு, எப்படி இருக்கிறார், நடக்கிறாரா, சாப்பிடுகிறாரா என்று எனக்கு எழுது. உன்னைத்தான் நம்பியிருக்கிறேன்.’

மெயின்கார்டு கேட்டில் இறங்கித்தான் தினமும் தென்னூருக்கு நடப்பேன். இறங்குகிற இடத்திலிருந்து அந்தச் சந்து பத்து நிமிஷம். வெள்ளிக்கிழமை போகலாம் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை மழை. அடுத்த வாரம் புத்தாண்டு அட்டைகள் நெருக்கின. வெறும் கையோடு எப்படிப் போவது, என்ன வாங்கிக்கொண்டு போவது என்று ஒரு வாரம் யோசித்தேன். இப்படியே ஒன்றரை மாதம். இன்றைக்கு யோசித்துப் பார்த்தால் அதற்குச் சோம்பல் என்பதைத் தவிர வேறு பெயர் கிடையாது.

ஒருநாள் காலையில் சுல்தான் பாய் மெஷினில் எண்ணெய் விட்டுக்கொண்டே சொன்னார். “மெஹருன்னிஸாவோட அத்தா மௌத்தாயிட்டாங்கம்மா. நேத்து அடக்கம் பண்ணியாச்சு. அந்தப் பொண்ணால வர முடியலையாம், பாவம்.”

அன்று முழுக்க அவளுக்குக் கடிதம் எழுத முயன்றேன். போய்ப் பார்க்கவில்லை என்று எழுதக் கை வரவில்லை. பார்த்தேன் என்று பொய் எழுதவும் முடியவில்லை. அஞ்சாறு தாளைக் கசக்கிப் போட்டேன். பிறகு எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு அட்டையை எடுத்து, அடியில் என் பெயரை மட்டும் எழுதி, அவள் கணவருடைய கம்பெனி போஸ்ட் பாக்ஸ் நம்பருக்கு அனுப்பிவிட்டேன். ஆறாம் நம்பர்.

ஏன் அதை எடுத்தேன் என்று கேட்காதீர்கள். எட்டில் அதுதான் நன்றாக வந்திருந்தது. அவளே அப்படிச் சொல்லியிருக்கிறாள். தபால்பெட்டியில் போடும்வரை, சத்தியமாக, அந்த டீயும் சிரிப்பும் எனக்கு ஞாபகம் வரவில்லை. போட்டுவிட்டுத் திரும்பிப் பத்தடி நடந்த பிறகு வந்தது.

மூன்று வாரம் கழித்து ஷார்ஜாவிலிருந்து ஒரு கவர் வந்தது. உள்ளே அதே அட்டை. கடிதம் இல்லை, ஒரு சொல்கூட இல்லை. நான்காம் வரிக்குக் கீழே பச்சை மையில் ஒரு டிக்.

வெகுநாள் என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். பழைய விளையாட்டை நினைத்துச் சிரித்திருப்பாள், அதனால்தான் போட்டிருக்கிறாள் என்று. பிறகு என் அம்மா இறந்தாள். அக்கம்பக்கத்தில் பெயர்கூடச் சரியாகத் தெரியாதவர்கள் வந்து, ஒன்றும் பேசாமல், கூடத்தில் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். அன்றைக்குத்தான் அந்த டிக் எனக்குப் புரிந்தது. அப்பனைப் பார்க்க முடியாமல் எங்கோ கிடந்து அழுத பெண்ணுக்கு நான் ஆறுதல் சொல்லாமல் என் எழுத்து வேலையை அனுப்பியிருக்கிறேன். அவளும் வேலையைச் சரிபார்த்துத் திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

மன்னிப்புக் கேட்டு எழுதினேன். பதில் இல்லை. இன்னொன்று எழுதினேன். அந்தப் பெயரில் ஆள் இல்லை என்று முத்திரை குத்தித் திரும்பி வந்தது. கணவர் கம்பெனி மாறியிருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அந்தச் சந்துக்குள் போனேன், நடக்க வேண்டிய காலத்தில் நடக்காத கால்களோடு. வீட்டை விற்றுவிட்டு அவள் அண்ணன் குடும்பத்தோடு எங்கோ போயிருந்தார். சைக்கிள் நிற்கும் இடத்தில் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. தென்னூரில் எங்கள் அச்சகம் இருந்த இடத்தில் இப்போது ரத்தப் பரிசோதனை நிலையம். சர்க்கரை பார்க்க மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே மாடிப்படி ஏறுகிறேன். மண்ணெண்ணெய் வாசனை போய் டெட்டால் வாசனை வந்துவிட்டது. வாழ்த்து அட்டைகள் எப்போது நின்றன என்று கேட்டால் எனக்கே தெரியாது. சொல்லிக்கொண்டு போகவில்லை.

இன்று மத்தியானம் நோட்டை எடுத்தேன். ‘நியர்’ பக்கத்தில் டீக்கறை இன்னும் இருக்கிறது. இப்போது போனில் ஒரு சொல்லைத் தட்டினால் அதற்குச் சேரும் சொற்கள் நூறு வந்து விழுகின்றன. தட்டிப் பார்த்தேன். நாங்கள் இரண்டு வருடத்தில் பிடித்ததைவிட அதிகம். ஆனால் அதில் பச்சையும் இல்லை, நீலமும் இல்லை.

பின்பக்கத்தில் காலித் தாள்கள் இருந்தன. மெஹருக்கு எழுதினேன், தமிழில். அத்தாவைப் போய்ப் பார்க்கச் சொல்லியிருந்தாய், நான் போகவில்லை. நடக்கிறாரா சாப்பிடுகிறாரா என்று கேட்டிருந்தாய், எனக்குத் தெரியவில்லை. பத்து நிமிஷ தூரம்தான், ஆனாலும் நான் வரவில்லை. அதை உனக்கு நேராக எழுதத் தைரியம் இல்லை.

வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். எல்லா வரியும் ஒரே மாதிரி முடிந்திருந்தது. தமிழில் அது தானாகவே வந்துவிடும் என்று முன்பே சொன்னேன் அல்லவா. நான்காம் வரிக்குக் கீழே கொஞ்சம் இடம் விட்டுவிட்டு, நோட்டை மூடி வைத்தேன்.