காய்ச்சல் இல்லாத நாளில் மருந்துக்குப் போனேன்

தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தபோது நடுக்கம் வந்தது. மழையில் நனைந்ததுதான் என்று நினைத்தேன். வீட்டில் மூன்று கம்பளி போர்த்தியும் பல் கிட்டியது. பிறகு உடம்பு கொதித்தது. வேர்த்துக் கொட்டியபின் தூங்கிப்போனேன்.

மறுநாள் ஒன்றும் இல்லை. வேலைக்குப் போனேன். அடுத்த நாள் திரும்ப வந்தது.

எங்கள் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் இடம் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பக்கத்தில். வேலைக்குப் போனவர்கள் கொழுந்தை நிறுத்துவிட்டு அப்படியே மருந்துக்கும் போவோம். காய்ச்சல் அடிக்கிற நாளில் லயத்து வீட்டை விட்டு எழும்ப முடியாது. ஆகவே நான் போனதெல்லாம் நல்ல நாளில். மருந்துக்கார ஐயா கையைத் தொட்டுப் பார்ப்பார். "சூடே இல்லையேம்மா" என்பார்.

காலையில் பெரட்டில் பேர் கூப்பிடும்போது கங்காணி கேட்டார்: "என்னா பேச்சி, ஒங் காய்ச்சலும் நீயும் மாறி மாறித்தான் வேலைக்கு வருவீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனேன்.

தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த மகள் என் பக்கத்தில்தான் படுப்பாள். ஒரு நாள் நான் நினைவில்லாமல் பேசினேனாம். அவள் அழுதாள். என் வீட்டுக்காரர் ஆட்டோ பிடித்து டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

அங்கே டாக்டரம்மாவிடம் அவர் எரிச்சலாகச் சொன்னார்: "ஒரு நா படுக்கிறா, ஒரு நா மலைக்குப் போறா. நடிக்கிறான்னு பேசுறாங்க."

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"ஒரு நாள் விட்டு ஒரு நாளா? வெளிநாடு போனீங்களா, அம்மா?"

"சில மாசத்துக்கு முன்னுக்கு கடல் தாண்டி மெட்ராஸ் போனேங்க. அக்கா வீட்டுக்கு."

விரலில் இரத்தம் எடுத்தார்கள். மலேரியா (நுளம்பு கடித்து இரத்தத்தில் கிருமி ஏறும் நோய்). இந்த நாட்டில் அது ஒழிந்துவிட்டது, வெளியிலிருந்து வந்தால் திரும்பவும் பரவலாம் என்றார் டாக்டரம்மா.

"மகளுக்கு ஏத்திட்டேனா?" என்று கேட்டேன். அது ஒன்றுதான் கேட்டேன்.

"பார்த்துத்தான் சொல்லணும்."

சுகாதாரக்காரர்கள் லயத்துக்கு வந்தார்கள். தண்ணீர் ஓடும் கானில் நுளம்புப் புழு தேடினார்கள். மகளிலிருந்து ஒவ்வொருவராக விரல் குத்தினார்கள். "இந்தக் குளிர்ல நுளம்பு எங்கங்க?" என்று கேட்ட கங்காணியையும் விடவில்லை. அவர் போட்ட சத்தத்தில் பிள்ளைகள் சிரித்தார்களாம். யாருக்கும் இல்லை. மகளுக்கும் இல்லை. நான் படுத்திருந்த வார்டில் அதைக் கேட்டபிறகுதான் சோறு ருசித்தது.

முதல் மருந்திலேயே காய்ச்சல் நின்றது. அதோடு முடியவில்லை. ஈரலில் ஒளிந்திருக்கும் கிருமிக்கு வேறு மாத்திரை, இரண்டு வாரம். அது என் இரத்தத்துக்கு ஒத்துவருமா என்று பார்த்துவிட்டே தந்தார்கள். நன்றாக இருக்கும்போது மாத்திரை விழுங்குவது கஷ்டம். வாய் கசக்கும். விட்டுவிடாதீர்கள். விட்டால் மாதங்கள் கழித்தும் வரும் என்றார்கள்.

இப்படிக் காய்ச்சல் வந்தால் அடிக்கிற நேரத்திலேயே போங்கள். எங்கே போய் வந்தீர்கள் என்பதைக் கேட்காமலே சொல்லுங்கள். சொந்தக்காரர் வீடென்றாலும் சொல்லுங்கள்.

மகளுக்குச் சுகப்பிரசவம். பெண் பிள்ளை. எனக்கு இன்னும் இடைக்கிடை இரத்தம் பார்க்கிறார்கள். இதுவரை நல்லபடிதான்.

"நாளைக்கு நீ புள்ளையக் குளிப்பாட்டுறியாம்மா?" என்று மகள் கேட்பாள். முன்பென்றால் உடனே சரி என்பேன். நாளை என்பது தானாக வருகிற ஒன்றாக இருந்தது. இப்போது கொஞ்சம் பொறுத்து, உடம்பைக் கேட்கிறேன். அது முடியும் என்கிறது. பிறகுதான் சொல்கிறேன்: "தண்ணிய நாஞ் சுட வைக்கிறேன்."