ஓரகத்தி கையில் மகளின் பிரசவம்

மூத்தவள் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டவள், இளையவள் தம்பிக்கு. இருவருமே ஒரே ஆஸ்பத்திரியில் மருத்துவச்சிகள். மூத்தவளுக்கு மாடியில் வேலை, டாக்டர்கள் நிற்கும் பிரசவ வார்டு. இளையவளுக்குக் கீழே, சிக்கல் இல்லாத தாய்மாருக்கு மருத்துவச்சிகளே பிரசவம் பார்க்கும் பிரிவு. நாத்தனார் மகள், நாத்தனாரின் மருமகள், அந்த மருமகளின் தங்கை வரைக்கும் கீழேதான் பெற்றார்கள். மூத்தவளுக்கு வயிறு எரிந்தது. "உக்காந்து வேடிக்கை பாக்கறதுக்கும் சம்பளம் குடுக்கறாங்க" என்பாள்.

வலி எடுத்த அன்று மூத்தவள் பெற்ற மகளும் கீழே போகத்தான் கேட்டாள். "நான் சித்திகிட்டயே போறேம்மா."

"ஏன், நான் செத்தா போயிட்டேன்?"

"நீ முக்கு முக்குன்னு விரட்டுவே."

"முதல்ல பிரஷர் பாக்கலாம், வா" என்று மூத்தவள் மகளைப் படியேற்றி மாடிக்குக் கூட்டிப் போனாள். மூச்சு வாங்க நின்றவளை உட்காரக்கூட விடாமல் பிரஷர் பார்த்தாள். ஏறித்தான் இருந்தது. படியேறி வந்த உடம்பில், அதுவும் வலிக்கு நடுவில், ஏறாமல் என்ன செய்யும்? அது அவளுக்குத் தெரியாததா? ஆனால் பிரஷர் ஏறினவர்களைக் கீழே சேர்க்கமாட்டார்கள். அதுவும் தெரியும்.

சேதி கேட்டு இளையவள் மேலே வந்தாள். "அக்கா, கொஞ்சம் உக்காரட்டும். வலி விட்டதும் இன்னொரு தடவை பாருங்க."

"ஏன், நான் பாத்ததுல நம்பிக்கை இல்லையா?"

"நம்பித்தானே உங்களையே பாக்கச் சொல்றேன்."

மகளை உட்கார வைத்தார்கள். மூத்தவள் மறுபடி கையில் பட்டையைச் சுற்றிக் குழாயைக் காதில் வைத்தாள். கேட்பது அவளுக்கு மட்டும்தான். எதைச் சொன்னாலும் எடுபடும்.

"எப்படிம்மா இருக்கு? கீழ போலாமா?" மகள் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூத்தவள் குழாயைக் கழற்றினாள். "சரியாத்தான் இருக்கு. போ, உன் சித்திகிட்டயே போ."

"நீங்களும் வாங்கக்கா" என்றாள் இளையவள். "வாயை மட்டும் மாடியிலயே விட்டுட்டு வாங்க."

கீழே மகள் கட்டிலைப் பிடித்து மண்டியிட்டிருந்தாள். இளையவள் இடுப்பைத் தேய்த்துவிட்டபடி சத்தமில்லாமல் காத்திருந்தாள். மூத்தவளுக்கு நாக்கு துடித்தது, அடக்கிக்கொண்டாள். பேத்தி வழுக்கிக்கொண்டு வந்தபோது மகள் திரும்பிப் பார்த்துச் சிரித்தது சித்தியைத்தான்.

வெளியே சம்பந்தியம்மாள் ஓடிவந்தாள். "யாரு பாத்தது, நீங்களா?"

"அவதான்" என்றாள் மூத்தவள். நல்லாப் பாத்தா என்று சேர்த்துச் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.